முடி நம்ப வைத்தது, முகம் கைவிட்டது: அகி ராஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்காக, முழுக்கக் கணினியில் உருவாக்கிய அகி ராஸ் என்ற கதாநாயகி வரும் ஒரே படத்தை மூன்று விதமாகப் பார்த்தேன். முதலில் எல்லோரையும் போல. அடுத்து, ஒலியை அணைத்துவிட்டு. கடைசியாக, முகம் பெரிதாக வரும் இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி. நிறுத்திப் பார்த்தபோது பல இடங்களில் அசந்துபோனேன். 2001-இலேயே இதைச் செய்துவிட்டார்களா என்று. ஓடவிட்டதும் அந்த வியப்பு கரைந்துவிட்டது. நின்றால் ஆள், நடந்தால் பொம்மை. ஏன் அப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

படம், ‘ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’. 2001 ஜூலையில் வெளிவந்தது. அதே பெயரிலான வீடியோ கேம் வரிசையை உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சிதான் இயக்குநர். இதற்காகவே ஹொனலுலுவில் ஸ்கொயர் பிக்சர்ஸ் என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 200 பேர், நான்கு ஆண்டு உழைப்பு. பேசும் விலங்கு கிடையாது, பெரிய கண் கிடையாது, கார்ட்டூன் வளைவு நெளிவு எதுவும் கிடையாது. திரையில் வரும் ஒவ்வொருவரும் நிஜ நடிகர் மாதிரி இருக்க வேண்டும் என்பதே இலக்கு. கதாநாயகி அகி ராஸை அந்த ஒரு படத்தோடு விட்டுவிடும் எண்ணமும் அவர்களுக்கு இல்லை. அவளை ஒரு நடிகையாகவே வளர்த்து, வேறு படங்களில் வேறு வேடங்களில் நடிக்க வைப்பதாகத் திட்டம். ஒரு ஆண்கள் பத்திரிகை அந்த ஆண்டின் 100 அழகிகள் பட்டியலில் அவளையும் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ரத்தமும் சதையும் இல்லாத ஒரே ஆள் அவள்தான்.

செலவு 137 மில்லியன் டாலர் என்று சொல்லப்பட்டது. உலகம் முழுவதும் வசூல் சுமார் 85 மில்லியன். ஸ்டூடியோ அதற்குப் பிறகு ‘அனிமேட்ரிக்ஸ்’ தொகுப்புக்காக ஒரு குறும்படம் செய்து கொடுத்துவிட்டு மூடிக்கொண்டது. அகியின் நடிப்பு வாழ்க்கையும் அத்தோடு சரி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பணம் போனதற்கு முகத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. கதை குழப்பமானது. 2065-இல் நடக்கிறது, பூமியை ஆக்கிரமித்திருக்கும் ஆவி உருவங்கள், அவற்றைத் தணிக்க எட்டு உயிர்களைத் தேடும் பயணம், பூமிக்கே ஓர் ஆன்மா உண்டென்ற கருத்து. கேம் விளையாடியவர்கள் எதிர்பார்த்து வந்தது இதில் இல்லை, விளையாடாதவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நூலும் இல்லை. அதனால் வசூலை வைத்து முகத்துக்கு மதிப்பெண் போட முடியாது. விமர்சகர்களும் ஒரே குரலில் திட்டவில்லை. ராஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். ஆகவே வசூலை ஓரமாக வைத்துவிட்டு, திரையில் தெரிவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முடி

அகியின் தலையில் சுமார் 60,000 முடிகள். நிஜமான மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் இருக்கும், அதில் பாதிக்கும் மேல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ரெண்டர் செய்தார்கள், அதாவது கணினியைக் கொண்டு இறுதிப் படமாக்கினார்கள். ரெண்டர் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை முடி மட்டுமே தின்றதாகச் சொல்வார்கள். அவள் தலையைத் திருப்பும்போது கவனியுங்கள்: முடி ஒரு கணம் தயங்கி, பிறகு பின்னாலேயே வந்து, தோளில் பட்டு, மெல்ல அடங்கும். ஒளி அதன் மேல் வழுக்கிப் போகும். இன்றைக்குப் பார்த்தாலும் இந்த முடியைப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன்.

சரி, கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். படத்தில் மொத்தம் 1,41,964 ஃப்ரேம். ஒன்றுக்குச் சராசரியாக 90 நிமிட ரெண்டர். ஒரே கணினியில் செய்தால் 24 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவர்களிடம் இருந்தவை 960 கணினிகள், எல்லாம் பென்டியம் 3. வகுத்துப் பார்த்தால் ஒன்பது நாள் சொச்சம்! இது வெறும் தாள் கணக்கு; திரும்பத் திரும்பச் செய்ததும், தூக்கிப்போட்டதும், சோதனை ரெண்டர்களும் இதில் வரவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. நான்கு ஆண்டைத் தின்றது கணினி இல்லை. என்ன போட வேண்டும் என்று மனிதர்கள் உட்கார்ந்து தீர்மானித்ததில்தான் காலம் போனது. ‘அப்போது கணினிக்கு வேகம் பத்தவில்லை, அதனால்தான் முகம் சரியாக வரவில்லை’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முடி ஒரு வாக்கு கொடுக்கிறது. ‘இவள் நிஜம், நம்பிப் பார்’ என்கிறது. முடியில் இவ்வளவு நுணுக்கம் இருந்தால், கண்ணும் உதடும் அதே தரத்தில் இருக்கும் என்று பார்ப்பவர் மனம் தானாகவே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. கோட்டுச் சித்திரத்தில் இரண்டு புள்ளியைக் கண் என்று ஏற்றுக்கொள்கிற அதே மனம்தான் இங்கே கறார் பேசுகிறது.

பால், பெயின்ட், தோல்

ஒரு கண்ணாடித் தம்ளரில் பாலும் இன்னொன்றில் வெள்ளை பெயின்ட்டும் ஊற்றி அருகருகே வைத்தால் இரண்டும் வெள்ளைதான். ஆனாலும் எது எது என்று யாரும் குழம்ப மாட்டார்கள். பாலின் நிழல் விளிம்பு கூர்மையாக இருக்காது. ஒளி உள்ளே போய், துகள்களில் மோதி அலைந்து, நுழைந்த இடத்தை விட்டுத் தள்ளி வேறொரு இடத்தில் வெளியே வருகிறது. தோலும் பால் கட்சிதான். தோல் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கு போலத்தான் மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்புகிறது. மீதி உள்ளே இறங்கி, ரத்தம் ஓடும் அடுக்கு வரை போய்வருகிறது. உள்ளே அதிக தூரம் பரவுவது சிவப்பு. விரலுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் விரல் சிவப்பாக எரிவது இதனால்தான்.

இதற்கு ஆங்கிலப் பெயர் சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங். இதை நடைமுறையில் கணக்கிடக்கூடிய ஒரு மாதிரியை ஹென்ரிக் யென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், மார்க் லெவோய், பாட் ஹன்ரஹான் ஆகியோர் 2001 ஆகஸ்டில் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வைத்தார்கள். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பாலும் பளிங்குச் சிலையும் மனித முகமும் இருந்தன. ஆகஸ்ட் என்பதைக் கவனிக்க வேண்டும். அகி ஜூலையிலேயே திரைக்கு வந்துவிட்டாள். ஒரு மாத இடைவெளி. முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் முடிந்துபோன படத்துக்குள் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது. ஆனாலும் இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் வயிறு எரிகிறது.

அகியின் கன்னத்தை நிறுத்திப் பாருங்கள். நிறம் சரி, மினுக்கும் சரி. ஆனால் ஒளி கன்னத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. மூக்கின் நிழல் கன்னத்தில் விழும் இடத்தில், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய செம்மை இருக்க வேண்டும். அங்கே சாம்பல்தான் தெரிகிறது. பின்னாலிருந்து விளக்கு வரும்போது காது மடல் ஒளிர வேண்டும், ஒளிரவில்லை. நன்றாக வர்ணம் பூசிய பொருள் என்றே கண் தீர்ப்பு சொல்கிறது.

இப்போது அதே படத்தில் டாக்டர் சிட்டைப் பாருங்கள். வயதானவர், தாடிக்காரர், வழுக்கை. அவர் அகியைவிட நிஜமாக இருக்கிறார். அதே ஸ்டூடியோ, அதே கணினி, அதே ரெண்டரர். எனக்கு இந்தப் படத்திலேயே மிகவும் பிடித்த புதிர் இதுதான்.

என் விடை இது. சுருக்கம், வயதுப் புள்ளி, துளை, தாடி எல்லாம் சேர்ந்து முகப் பரப்பை உடைக்கின்றன. கண்ணுக்குப் பார்க்க வேறு விஷயங்கள் கிடைத்துவிடுவதால் ஒளி உள்ளே போனதா இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை. இளம்பெண்ணின் வழவழப்பான கன்னத்தில் பார்ப்பதற்கு ஒளியைத் தவிர வேறொன்றும் இல்லை. எதைச் செய்யத் தெரியவில்லையோ, அதை மட்டுமே காட்டுகிற முகத்தைக் கதாநாயகிக்குக் கொடுத்திருக்கிறார்கள். போதாததற்கு அவளை அழகாக்குவதற்காக இருந்த ஒன்றிரண்டு குறையையும் துடைத்துவிட்டார்கள்.

ஓடவிட்டால்

இதுவரை சொன்னது நின்ற படத்தின் குறை. ஓடும் படத்தின் குறை வேறு, அதுதான் பெரிது.

அகியின் உடல் அசைவு மோஷன் கேப்சரில், அதாவது நிஜ ஆளின் அசைவைக் கணினியில் பதியும் முறையில், ஒருவரிடமிருந்து பிடிக்கப்பட்டது. குரல் வேறொருவருடையது, நடிகை மிங்-நா வென். முகத்தை அசைத்தவர்கள் அனிமேட்டர்கள், கையால், கீஃப்ரேம் போட்டு, அதாவது முக்கியமான நிலைகளை ஒவ்வொன்றாக அமைத்து. ஆக ஒரு பெண்ணை உண்டாக்கக் குறைந்தது மூன்று பேர், மூன்று வேறு நேரங்களில், மூன்று வேறு இடங்களில்.

ஒலியை அணைத்துப் பார்த்தபோது இந்தத் தையல் எனக்கு நன்றாகத் தெரிந்தது. யாராவது உரக்க ஒரு வாக்கியம் பேசப் போகிறார் என்றால், அதற்கு முன்பே உடல் தயாராகிவிடும். நெஞ்சு விரியும், தோள் ஒரு நூல் உயரும், கழுத்தில் நரம்பு தெரியும், தாடை இறுகும், அப்புறம்தான் சொல் வரும். குரல் பதிவு செய்தவருக்கு அந்த மூச்சு இருந்திருக்கிறது, ஒலியில் கேட்கிறது. ஆனால் திரையில் இருக்கும் நெஞ்சு வேறொருவருடைய மூச்சை வாங்கிக்கொண்டிருக்கிறது. உதடு மட்டும் சொல்லுக்குச் சரியாகத் திறந்து மூடுகிறது. கோபம் வாயோடு நின்றுவிடுகிறது, கழுத்துக்கு இறங்கவே இல்லை.

பிறகு கண். நாம் ஒருவரிடம் பேசும்போது அவர் முகத்தையே பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நம் விழி நொடிக்கு இரண்டு மூன்று தடவை துள்ளுகிறது: இடது கண், வலது கண், வாய், மறுபடி கண். நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைக்கிறோம். கண் கீழே போனால் மேலிமையும் கூடவே இறங்குகிறது. அகியின் பார்வை ஒரு இடத்தில் குத்தினால் குத்தியதுதான். அனிமேஷன் மென்பொருளில் கண்ணை ஒரு இலக்கோடு கட்டிவிடலாம். இலக்கு எங்கே போகிறதோ கண்ணும் போகும். வேலை சுலபம், ஆனால் அந்த நேர்த்தியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இவர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, திரையில் அப்படித்தான் படுகிறது. அவள் எதிரே இருப்பவரை ஊடுருவி, அவருக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பது போல இருக்கிறது. புன்னகையிலும் அதே கதை. மனதார வரும் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அகி சிரிக்கும்போது கன்னம் மேலே போகிறது, கண்ணுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

மோரியின் கை

1970-இல் மசஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ‘புகிமி நோ தானி’ என்று பெயர். ஆங்கிலத்தில் பின்னாளில் அன்கேனி வேலி ஆனது. ஒரு பொருள் மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதன் மேல் ஒட்டுதல் கூடும், ஆனால் ஏறக்குறைய மனிதன் என்ற இடத்தில் திடீரென்று பள்ளத்தில் விழும் என்பது அவர் வாதம். இந்த வரைபடத்தை எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் அதில் இரண்டு கோடுகள் உண்டு என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று அசையாத பொருளுக்கு, இன்னொன்று அசையும் பொருளுக்கு. அசையும் கோட்டில் பள்ளம் இன்னும் ஆழம். நிறுத்தினால் வியப்பு, ஓடவிட்டால் சங்கடம் என்று நான் பார்த்ததை அவர் அந்தப் படம் வருவதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்.

அவர் கொடுக்கும் எடுத்துக்காட்டு செயற்கைக் கை. பார்வைக்கு நரம்பு, நகம், ரேகை எல்லாம் இருக்கிறது. நிஜக் கை என்று நினைத்துக் குலுக்குகிறோம். எலும்பில்லாத பிடி, சில்லென்ற தொடுகை. திடுக்கிட்டுப் போகிறோம். கை மோசமாகச் செய்யப்பட்டிருந்தால் இந்தத் திடுக்கிடல் வந்தே இருக்காது. நரம்பும் நகமும்தான் நம்மை ஏமாற வைத்தன. அகியின் 60,000 முடிகள் செய்தது இதே வேலையைத்தான்.

மோரியின் கோட்டை ஒரு இயற்கை விதி போல நீட்டி முழக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அது அளந்து போட்ட கோடு இல்லை, யோசித்துப் போட்ட கோடு. மனிதனைப் போல இருப்பதை ஒரே அச்சில் வைத்து அளக்க முடியுமா என்பதே சந்தேகம். முடிக்கு ஒரு அளவு, தோலுக்கு ஒரு அளவு, பார்வைக்கு ஒரு அளவு என்று தனித்தனியாகத்தான் ஏறுகிறது. சராசரி எவ்வளவு என்று மனம் பார்ப்பதில்லை. உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளியையே பார்க்கிறது என்பது என் வாசிப்பு. அப்படியானால் முடியை இன்னும் நன்றாகச் செய்திருந்தால் அகி இன்னும் மோசமாகத் தெரிந்திருப்பாள்.

அதே காலத்தில் மற்றவர்கள்

2001 மே மாதம், அகிக்கு இரண்டு மாதம் முன்பு, ‘ஷ்ரெக்’ வந்தது. அந்தப் படத்தைச் செய்தவர்கள் இளவரசி ஃபியோனாவை முதலில் அளவுக்கு மீறி நிஜமாக்கிவிட்டு, பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்ததால் பின்வாங்கிக் கொஞ்சம் கார்ட்டூன் பக்கம் தள்ளியதாகச் சொன்னார்கள். வாக்கைக் குறைத்துக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றினார்கள். மாறுபட்ட முடிவு, அவ்வளவுதான். துணிச்சல் என்று பார்த்தால் ஹொனலுலுக்காரர்களுக்கே என் ஓட்டு.

இன்னும் பயனுள்ள ஒப்பீடு 2002 டிசம்பரில் கிடைக்கிறது: ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையில் வந்த ‘தி டூ டவர்ஸ்’ படத்தின் கோல்லம் என்ற பிராணி. பலர் நினைப்பது போல அந்த முகம் மோஷன் கேப்சர் இல்லை. உடல் அசைவு நடிகர் ஆண்டி செர்கிஸிடமிருந்து வந்தது. முகத்தை அனிமேட்டர்கள் அவர் நடித்த பதிவைப் பார்த்துப் பார்த்துக் கையால் செய்தார்கள். அதாவது அகிக்குப் பயன்பட்ட அதே கலவை. ஆகவே ‘கையால் செய்ததால்தான் அகி கெட்டாள்’ என்ற வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. வேறுபாடு, கோல்லத்தின் குரலும் உடலும் முகத்துக்கான மூலமும் ஒரே ஆள் என்பதில் இருக்கிறது. அவன் கத்தும்போது கழுத்தும் சேர்ந்தே கத்துகிறது. தோலில் ஒளி உள்ளே போய்வருகிறது. இன்னொரு சலுகையும் அவனுக்கு உண்டு: அப்படியொரு பிராணியை யாரும் நேரில் பார்த்ததில்லை, ஒப்பிட்டுக் குறை சொல்ல அளவுகோல் கிடையாது.

2004-இல் ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ முகத்தையும் சேர்த்துப் பிடித்தது. உடல், முகம், குரல் எல்லாம் பெரும்பாலும் ஒரே டாம் ஹாங்க்ஸ். விழியை மட்டும் பிடிக்க முடியவில்லை. விளைவு, விமர்சனம் முழுக்கச் செத்த கண்ணைப் பற்றியே இருந்தது. மூன்று ஆண்டு கழித்து ‘பியோவுல்ஃப்’ படத்தில் அதே இயக்குநர் நடிகர்களின் கண்ணைச் சுற்றி மின்முனை ஒட்டி விழி அசைவையும் பதிவு செய்தார். எந்த ஓட்டை பெரிதோ அதை அடைப்பது, அடைத்ததும் அடுத்த ஓட்டை தெரிவது என்று இந்தத் துறை இப்படித்தான் நகர்ந்திருக்கிறது.

பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட ஒரு டிஜிட்டல் மனித நாயகன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 2008-இன் ‘பெஞ்சமின் பட்டன்’. படத்தின் முதல் 52 நிமிடங்களில், 325 ஷாட்டுகளில், தலை முழுக்கக் கணினி. பிராட் பிட்டின் முகபாவங்களைத் தனித்தனித் தசை இயக்கமாகப் பிரித்துப் பதிவு செய்து, அதை வேறு நடிகர்களின் உடல் மேல் பொருத்தினார்கள். இங்கேயும் உடல் ஒருவர், முகம் ஒருவர்தான். ஆனால் பேச்சும் முகமும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே நடிப்பிலிருந்து வந்தன. அந்த டிஜிட்டல் தலை எப்படிப்பட்டது என்று பாருங்கள்: எண்பது வயதுக் கிழவன். சுருக்கம், புள்ளி, தளர்ந்த இமை. டாக்டர் சிட்டின் சொந்தக்காரன்.

அகியின் கோப்புகளை இன்றைய ரெண்டரரில் போட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பதுண்டு. தோல் சரியாகிவிடும், காது மடல் ஒளிரும். நிறுத்திப் பார்த்தால் புகைப்படம்தான். மூச்சு மட்டும் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அது ரெண்டர் சமாச்சாரமே இல்லை. இதை எழுதி முடிக்கும் முன் படத்தை இன்னொரு தடவை ஓடவிட்டேன். அவள் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஷாட்டுகளில், முடி மட்டும் அசையும்போது, எனக்குப் பொம்மை ஞாபகமே வரவில்லை. திரும்பினாள், வந்துவிட்டது.